இரண்டுக்கு அப்புறம்

ஜூலை இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. அரூரிலிருந்து சித்தேரி போகும் காலைப் பேருந்தில் ஏறி, மலைமேல் ஒரு வளைவில் இறங்கினேன். தோளில் ஒரு பை, கையில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு செல்போன், ஏழு நோட்டு, ஏழு பென்சில், ஒரு கட்டு நட்சத்திர ஸ்டிக்கர்.

வளைவில் எனக்காக, நான் போகவேண்டிய ஊரைச் சேர்ந்த குள்ளன் நின்றுகொண்டிருந்தார். பெயருக்குச் சம்பந்தமே இல்லாத உயரம். பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "நடந்துருவீங்களா டீச்சர்? மொரப்பூர் ஆளுங்களுக்கு மேடுன்னா ரயில்வே பாலந்தான்" என்றார்.

முக்கால் மணி நேரம் நடந்தோம். சாமைக் கொல்லைகளைத் தாண்டி, பலாமர நிழலைத் தாண்டி, நாவக்கொல்லை வந்தது. மொத்தம் பதினோரு வீடு. தொடக்கப்பள்ளி கீழே பக்கத்து ஊரில் இருக்கிறது. நடுவில் ஓர் ஓடை. மே மாத மழையில் ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுப் பாலம் வரும்வரை நாவக்கொல்லையின் ஏழு பிள்ளைகளும் வீட்டில்தான். அவர்களுக்கு வீட்டில் இருந்தபடியே பாடம் நடத்த, அரூரில் ஒரு சிறு தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்திருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நேரில் வர வேண்டும். மற்ற நாட்களில் மொரப்பூரில் என் வீட்டிலிருந்து, மாலை நான்கு மணிக்குப் போனில் பாடம்.

ஊருக்குள் எங்கேயும் டவர் கிடையாது. ஊர்க்கோடியில் புளியமரத்தடிப் பாறையில் போனை வைத்தால் மட்டும் கிடைக்கும். பாறைக்கு அந்தப் பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே ஓடை, ஓடைக்கு அப்பால் காடு.

அந்தப் பாறையில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.

"முருகேஷ்."

நான்காம் வகுப்பு. என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

"முருகேஷ்!"

அப்போதும் இல்லை. காது கேட்காதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சற்றே எரிச்சலோடு மூன்றாவது தடவை கூப்பிட்டேன்.

"உள்ளேன் டீச்சர்!"

ஏழு பேரும் அப்படித்தான். மூன்றாவது கூப்பிடலுக்குத்தான் பதில். குள்ளனின் மனைவி பழனியம்மாள் சாமைச் சோறு கொண்டுவந்தபோது கேட்டேன்.

"என்னக்கா, பிள்ளைங்களுக்கு மூணு தடவ சொன்னாத்தான் ஏறுமா?"

அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல அப்படித்தானுங்க. யாரு கூப்டாலும் மூணாவதுக்குத்தான் பதிலு. பொறந்ததுலேருந்து பழக்குறது."

"ஏன்?"

சரிவின் பக்கம் கண்ணைக் காட்டினார். "அங்க ஒண்ணு கூப்புடும். பேரச் சொல்லித்தான் கூப்புடும். ஆனா அதுக்கு ரெண்டு வரைக்குந்தான் தெரியும். மூணாவது கூப்புடத் தெரியாது. அதான் எங்களுக்குக் காவலு."

"பதில் சொல்லிட்டா?"

"இவரு சித்தப்பா ஒருத்தரு சின்னதுல சொல்லிட்டாருங்களாம். ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கப்புறம் பெத்தவ கூப்புட்டா அவரு காதுல விழாது. வூட்டாளுங்க யாரு குரலும் விழாது. சாவற வரைக்கும் அது குரல் மட்டுந்தான்."

சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன். பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஏழு பிள்ளைகள், ஆளுக்கு மூன்று கூப்பிடல். டவர் இருப்பதோ அரைமணி நேரம். வருகைப் பதிவிலேயே கால்வாசி போய்விடும்.

மறுநாளிலிருந்து நட்சத்திரத் திட்டம் தொடங்கினேன். முதல் கூப்பிடலுக்கே 'உள்ளேன்' சொன்னால் ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு பென்சில் பெட்டி.

ஆகஸ்ட் பிறப்பதற்குள் ஆறு பிள்ளைகள் மாறிவிட்டார்கள். ஏழாவது, குள்ளன் மகள் தேன்மொழி. மூன்றாம் வகுப்பு. கூட்டி வாசிப்பதில் அவள்தான் முதல். ஆனால் பெயரைக் கூப்பிட்டால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாளாம். பக்கத்தில் இருக்கும் முருகேஷ்தான் போனில் கோள் சொல்வான்: "டீச்சர், இவ மறுபடியும் பொத்திக்கிறா டீச்சர்! பல்லு விழுந்த கிழவி மாதிரி!"

நேரில் போனபோது அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "ஏன் பாப்பா, டீச்சர் மேல நம்பிக்கை இல்லியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா வையும்."

"டீச்சர் சொல்றேன் இல்ல? என் குரலுக்கு நீ பயப்படலாமா?"

அன்று மாலை முதல் கூப்பிடலுக்கே அவள் "உள்ளேன் டீச்சர்" என்றாள். நெற்றியில் நட்சத்திரம் ஒட்டிவிட்டேன். ஒட்டிய இந்தக் கையை இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் இன்னொன்று நடந்தது. பாடம் முடிந்து பிள்ளைகள் எழுந்த நேரத்தில் அந்தப் போனுக்கு யாரோ ஓர் ஆள் கூப்பிட்டிருக்கிறான். உன் பேர் என்ன, எத்தனாவது படிக்கிறாய், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா, முகத்தைக் காட்டு, பரிசு அனுப்புகிறேன். முருகேஷ் எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறான். பெரியவர்கள் கேட்டால் சொல்ல வேண்டும் என்றுதானே பிள்ளைகளை வளர்க்கிறோம். முகத்தைக் காட்டுவதற்குள் டவர் போனது, பிழைத்தோம்.

குள்ளனிடம் சொல்லி அந்த எண்ணைத் தடை செய்ய வைத்தேன். அடுத்த வருகையில் ஒரு சார்ட் அட்டையில் பெரிய எழுத்தில் விதிகள் எழுதி எடுத்துப் போனேன்.

ஒன்று: தெரியாதவர் பேசினால் பதில் சொல்லக் கூடாது.

இரண்டு: பெயர், ஊர், வீட்டு விவரம் எதையும் சொல்லக் கூடாது. முகம் காட்டக் கூடாது.

மூன்று: சுகுணா டீச்சர் குரல் கேட்டால் மட்டும் பேச வேண்டும். டீச்சர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும்.

பாறையில் உட்கார வைத்து, ஏழு பேரும் அட்டையைப் பார்க்காமல் சொல்லும்வரை சொல்ல வைத்தேன். பழனியம்மாள் புளியமரத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"குரல மட்டும் நம்பச் சொல்றீங்களே டீச்சர். ஆளு?"

"போன்ல ஆள் எங்கக்கா தெரியும்? குரல்தான் அடையாளம்" என்று சிரித்தேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் எனக்குக் காய்ச்சல் கண்டது. வியாழக்கிழமை முழுவதும் நினைவில்லாமல் கிடந்தேன். வகுப்பு இல்லை என்று சொல்லக்கூட முடியவில்லை. வெள்ளிக்கிழமை கொஞ்சம் தேறி, நான்கு மணிக்குக் கூப்பிட்டேன்.

"நேத்து டீச்சரால வர முடியல. மன்னிச்சுக்கங்க."

அந்தப் பக்கம் முருகேஷ் சொன்னான். "நேத்து நடத்துனீங்களே டீச்சர்."

"நான் நடத்தலியே."

"நடத்துனீங்க டீச்சர். பேர் கூப்புடாம நேரா கணக்கு. நோட்டுல எழுதுனோம்."

விளையாடுகிறான் என்று நினைத்து, நோட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். முதல் படம் வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது. மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு.

பக்கம் முழுவதும் அதுதான். அடுத்தடுத்து வந்த படங்களிலும் அதுதான். ஏழு நோட்டிலும் அதுதான். பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியதில் சில இடங்களில் தாள் கிழிந்திருந்தது.

குள்ளனைப் பேசச் சொன்னேன். "அண்ணா, நேத்து போன யாரு வெச்சிருந்தாங்க?"

"நேத்தா? போன் ஊர்லயே இல்லைங்களே. சார்ஜ் ஏறலன்னு காலையிலேயே அரூருக்கு எடுத்துட்டுப் போனேன். ராத்திரிதான் வந்தேன்."

"அப்ப பிள்ளைங்க?"

"நாலு மணிக்குப் பாறைக்குப் போனாங்களாம். இருட்டறதுக்குள்ள வந்துட்டாங்க." அவரே திருப்பிக் கேட்டார். "போன் இல்லாம என்னாத்தக் கேட்டாங்க டீச்சர்?"

நிறுவனத்தில் எனக்கு மேலதிகாரி பிரபாகர். நல்ல மனிதர், எதையும் கிண்டலாகப் பேசுவார். அவரிடம் சொன்னேன். "மேடம், ரிப்போர்ட்ல பேய்னு ஒரு கட்டம் இல்லீங்க. நெட்வொர்க் கோளாறுன்னு போட்டுடலாமா?" என்றார். பிறகு என் குரலைக் கேட்டு, "நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

சனிக்கிழமை போனேன். நான் வந்தது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று, பிள்ளைகள் இல்லாத ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். பிள்ளைகளின் போனை வாங்கி அணைத்து என் பைக்குள் வைத்திருந்தேன். மூன்றரை மணிக்கு மூடுபனி சூழத் தொடங்கியது. சித்தேரி மலையில் அது புதிதல்ல. ஆனால் அன்று கீழே ஓடையிலிருந்து மேலே ஏறி வந்தது.

நான்கு மணிக்கு ஏழு பிள்ளைகளும் தாங்களாகவே நோட்டை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனார்கள். கூப்பிடும் தூரத்தில், ஒரு பலாமரத்துக்குப் பின்னால் நானும் பழனியம்மாளும் நின்றோம். என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

வெறும் பாறையைச் சுற்றி, நடுவில் ஒரு போன் இருப்பதுபோல, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

முதலில் வாடை வந்தது. ஓடை வற்றினால் அடிச்சேற்றில் ஊறிய இலைகள் நாறுமே, அந்த வாடை. பறவைச் சத்தம் நின்றது.

சரிவுக்குக் கீழே, பனிக்குள்ளிருந்து, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

வகுப்புத் தொடங்குவதற்கு முன்னால் நான் செருமுவேன். எனக்கே தெரியாத பழக்கம். அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"முருகேஷ்."

என் குரல்.

"உள்ளேன் டீச்சர்!"

ஒரே கூப்பிடல். இடைவெளியே இல்லை. கண் இமைப்பதுபோல அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. நான் பழக்கியது.

அடுத்த பெயர். "உள்ளேன் டீச்சர்." அடுத்த பெயர். "உள்ளேன் டீச்சர்."

"தேன்மொழி."

பழனியம்மாள் என் கையை உதறிவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். "பதில் சொல்லாதீங்க! பிள்ளைங்களா, பதில் சொல்லாதீங்க! அது நான் இல்ல!"

ஏழு தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு சரிவுப் பக்கம். பிறகு மறுபடி என் பக்கம். தேன்மொழியின் கை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது.

"எந்த டீச்சர்?" என்றாள் மெதுவாக.

"நான்தான் கண்ணு. என்னப் பாரு. ஆளு இங்க இருக்கேன் பாரு."

அவர்கள் என்னை நேரில் பார்த்தது மொத்தம் ஐந்து தடவை. குரலைக் கேட்டது ஏறக்குறைய இரண்டு மாதம், தினமும். பனியில் தலை கலைந்து, மூச்சு வாங்கி, கத்திக்கொண்டு ஓடி வந்த ஒரு பெண்ணை அவர்கள் பார்த்தார்கள். கத்தியதில் என் குரல் உடைந்து வேறு எவளுடையதோ போல எனக்கே கேட்டது.

கீழே இருந்தது கத்தவில்லை. பொறுமையாக, பாடம் நடத்தும் குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது.

"தெரியாதவர் பேசினால் பதில் சொல்லக் கூடாது."

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் கூப்பிட்டேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். முருகேஷின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் விதிப்படி நடந்தான். உதட்டை மடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை.

பழனியம்மாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். மற்ற வீட்டார் வந்து ஆளுக்கொரு பிள்ளையை இழுத்துப் போனார்கள். அந்தக் களேபரத்தில் முருகேஷை யாரோ கூட்டிப் போய்விட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தோம்.

யாரும் கூட்டிப் போகவில்லை.

மறுநாள் உச்சிப் பொழுதில் ஓடைக்கரையில் கிடைத்தான். இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, நோட்டை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவன் அம்மா பத்தடி பின்னாலிருந்து "சாமி, முருகேசு" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. கிட்டே போய்க் காதோரம் கூப்பிட்டாள். திரும்பவில்லை. முகத்தைக் கையில் ஏந்தி முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டாள். அவளைப் பார்த்து அழகாகச் சிரித்தான். அவள் உதடு அசைவதை வேடிக்கை பார்த்தான்.

அவள் எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று நான் எண்ணவில்லை. நிச்சயமாக மூன்றுக்கு மேல்.

அன்று மாலை ஊரார் கூடினார்கள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குள்ளன்தான் பேசினார்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க டீச்சர். அத நாங்க இல்லைங்கல. ஆனா இனிமே இங்க வராதீங்க. போனும் போடாதீங்க. நீங்க ஒரு வார்த்த பேசினா, அது ஒரு வார்த்த கத்துக்கும். எது நீங்க எது அதுன்னு பெரியவங்க எங்களுக்கே தெரியல. பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விதியை மாத்திச் சொல்லிடறேன் அண்ணா. என் குரலுக்குப் பதில் சொல்ல வேணாம்னு ஒரே ஒரு தடவ..."

"அத எந்தக் குரல்ல சொல்லுவீங்க?"

நான் மலையிறங்கினேன்.

நாவக்கொல்லையில் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். மூன்றாவது கூப்பிடலுக்கு முன் பதில் சொன்னால் அடித்தார்கள்கூட. ஆனால் நாக்கு பழகியது பழகியதுதான். நான்கு மணியானால் வீட்டைச் சாத்திப் பிள்ளைகளின் வாயைத் துணியால் கட்டினார்கள். கட்டிய துணிக்குள்ளிருந்தே 'ம்ம்ம் ம்ம்ம்' என்று வரும். அது 'உள்ளேன் டீச்சர்' என்று கேட்கிற எல்லோருக்கும் தெரியும். எங்காவது போய்விடலாம் என்றால் கொல்லையில் சாமையும் ராகியும் கதிர் பிடிக்கிற நேரம். காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று நானும் ஒருநாள் அரூர் வரை போனேன். வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். யார் மீது புகார் கொடுப்பது? என் குரல் மீதா?

ஊரில் நடந்ததையெல்லாம் எனக்குத் தெரிவித்தவை தேன்மொழியின் கடிதங்கள்.

அதற்கும் நான்தான் வழி செய்தேன். குரல் இல்லாமல் ஒன்று உண்டென்றால் எழுத்துத்தான் என்று அக்டோபரில் தோன்றியது. ஒரு தபால் கார்டில், கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதினேன்: தேன்மொழி, இனி எழுத்தில் வருவது மட்டும்தான் டீச்சர். பேச்சில் வருவது டீச்சர் இல்லை. தினமும் நான்கு மணிக்கு வாயைப் பொத்திக்கொள். பதில் எழுது. என் விலாசம் எழுதிய ஐந்து கார்டு அனுப்புகிறேன்.

முதல் பதில் பதினோரு நாள் கழித்து வந்தது. பென்சிலில், பிழைகளோடு.

"டீச்சர் நான் பொத்திக்கிறேன். ஒருநாள்கூட பதில் சொல்லல. முருகேஷ் எங்ககூட விளையாட மாட்டான். மத்தவங்களும் அவங்க அம்மா கூப்ட்டா திரும்ப மாட்டாங்க. எனக்கு அம்மா குரல் நல்லா கேக்குது."

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேனோ. ஏழில் ஆறு போய்விட்டது. ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த ஒன்றைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று, கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். வாரம் இரண்டு கார்டு போட்டேன். பாடம், விடுகதை, ஓவியம். நடுவில் ஒவ்வொரு தடவையும் அதே வரி: பொத்திக்கொள்.

நவம்பர் கடைசியில் இரண்டாவது பதில்.

"டீச்சர் அது இப்ப பேர் கூப்புடறதில்ல. ஒன்று இரண்டு சொல்லிட்டு அப்புறம் என்னன்னு கேக்குது. தினமும் கேக்குது. மத்தவங்களுக்கு அது சொல்றதத் திருப்பிச் சொல்லத்தான் தெரியும். நான்தான் பதில் தெரிஞ்சவ. பாவமா இருக்கு டீச்சர்."

அன்றே பேருந்தைப் பிடித்தேன். வராதே என்று சொன்ன வார்த்தையை மீறிப் போனேன். வளைவில் இறங்கியபோது, சாமை மூட்டையோடு பேருந்துக்குக் காத்திருந்த குள்ளனே எதிரில் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடுத்தார்.

நான் பேசவில்லை. நடுரோட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன்: தேன்மொழி, மூன்று என்று மட்டும் சொல்லிவிடாதே. சாகும்வரை சொல்லாதே.

அவர் அதைப் படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "குடுத்துடறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "எம்பொண்ணு கெட்டிக்காரி டீச்சர். தாக்குப் புடிப்பா."

அதே பேருந்து திரும்பி வரும்போது அதில் ஏறிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

மூன்றாவது கார்டு ஜனவரி ஒன்பதாம் தேதி வந்தது. பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். சுண்ணாம்புக் கையோடு வாங்கினேன்.

எழுத்து குண்டு குண்டாக, ஒரு பிழையில்லாமல் இருந்தது.

"அன்புள்ள டீச்சர். உங்கள் தாள் கிடைத்தது. நான் சொல்லாமல்தான் இருந்தேன். ஆனால் நேற்று நீங்கள் அழுதீர்கள். எங்கள் வீட்டுக் கதவு வரைக்கும் வந்து அழுதீர்கள். எனக்கு யாருமே சொல்லித் தரமாட்டேன் என்கிறார்களே என்று அழுதீர்கள். டீச்சர் அழுதால் எனக்குத் தாங்காது. அதனால் சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் நூறு வரைக்கும் சொல்கிறீர்கள்."

ஈரச் சுவரில் கையை ஊன்றியதில் கார்டு ஒட்டிக்கொண்டது. மூன்று தெரிந்துவிட்டால் அதற்கு மூன்றாவது கூப்பிடலும் வரும்; பெரியவர்கள் பதில் சொல்வதே அதற்குத்தான். பிய்த்து எடுத்துவிட்டு மணியைப் பார்த்தேன். நான்கு அடித்து ஐந்து நிமிடம்.

குள்ளனின் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஊருக்குள் அவர் இருந்தால் போகாது என்று தெரியும்.

மணி அடித்தது.

அப்படியென்றால் அவர் பாறையில் இருக்கிறார்.

"அலோ?" குள்ளனின் குரல். தெளிவாக, சந்தோஷமாக.

"அண்ணா, நான் சுகுணா. மொரப்பூர் சுகுணா. அக்கா எங்க? தேன்மொழி எங்க?"

"எல்லாரும் இங்கதான் இருக்கோமுங்க. ஊரே இருக்கு. பாடம் நடக்குது."

"யாரு நடத்தறாங்க?"

"டீச்சர்தான்."

"அண்ணா, நான்தான் டீச்சர். உங்க கிட்டப் பேசறது நான்தான். அங்க இருக்கறவங்கள நம்பாதீங்க. அக்காகிட்டப் போனக் குடுங்க. பழனியம்மா அக்கா! அக்கா!"

அவர் பின்னால் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு பெண் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிறு பிள்ளையின் குரல் ஒன்று மட்டும் கூட்டத்தைவிடக் கணீரென்று தனியாகக் கேட்டது. அது தேன்மொழி.

"தேன்மொழி!" என்று கத்தினேன். "அப்பா கையில இருக்கற போனப் பாரு! தேன்மொழி! தேன்மொழி!"

எண்ணுவது நிற்கவில்லை. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.

"என்னாங்க, இப்ப என்னமோ பேசறீங்க, ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது" என்றார் குள்ளன். மரியாதையாகத்தான் சொன்னார். "யாருங்க பேசறது?"

எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள். போனுக்கு மிக அருகில் வந்து, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, என் குரலில் சொன்னாள்.

"தெரியாதவங்கன்னா வெச்சிடுங்கண்ணா."

அவர் வைத்துவிட்டார்.